பியூரெட்டும் பிங்க் சீட்டும்: ஏ.டி.எச்.டி. மருந்தின் அளவை யார் முடிவு செய்கிறார்கள்?

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட்டைப் பிடித்து நின்றவர்களுக்கு இது நினைவிருக்கும். ஒரு கையால் கூம்புக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே மறு கையால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பர்மாங்கனேட் கரைசல் என்றால், இளஞ்சிவப்பு மறையாமல் நிற்கிற அந்த ஒரு சொட்டுதான் முடிவு. அவசரப்பட்டுக் குழாயைத் திறந்துவிட்டால் குடுவை முழுக்க அடர் ஊதா. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பாடநூலில் 'தரம் பார்த்தல்' என்று இருந்த அந்த வேலைக்கு ஆங்கிலப் பெயர் டைட்ரேஷன். பிரிட்டனில் ஏ.டி.எச்.டி. (கவனக் குறைபாடும் மிகை இயக்கமும்) என்று கண்டறியப்பட்டு மருந்து தொடங்குகிற எவரும் முதலில் கற்றுக்கொள்ளும் சொல்லும் அதுதான். "நீங்கள் இப்போது டைட்ரேஷனில் இருக்கிறீர்கள்" என்று கிளினிக்கிலிருந்து மின்னஞ்சல் வரும்.

குடுவையில் நிறம் மாறுவது பக்கத்து மேசைக்காரருக்கும் தெரியும். மனிதரிடம் அப்படி ஒரு நிறம் கிடையாது. ரத்தப் பரிசோதனை செய்து "உங்களுக்கு 40 மில்லிகிராம்" என்று சொல்ல வழியில்லை. பெரியவர்களுக்கு உடல் எடையும் பெரிதாகக் கைகொடுக்காது. 90 கிலோ ஆளுக்கு 30 மில்லிகிராம் போதுமானதாக இருக்கலாம், 55 கிலோ பெண்ணுக்கு 70 தேவைப்படலாம். குறைந்த அளவில் தொடங்குவது, கவனிப்பது, கொஞ்சம் ஏற்றுவது, மறுபடி கவனிப்பது. இதைத் தவிர வேறு வழி இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. ஏற்றுவதற்கு ஒரு கையெழுத்து போதும், கவனிப்பதற்குத்தான் ஆள் வேண்டும், நேரம் வேண்டும். தனியார் மனநல மருத்துவரிடம் போகிறவர் காசு கொடுத்து வாங்குவது உண்மையில் அந்தக் கவனிப்பைத்தான். ஆனால் ரசீதில் அப்படி எழுதியிருக்காது. சந்திப்புக்கு இவ்வளவு, மருந்துச் சீட்டுக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும். வாங்குவதற்கும் ரசீதில் இருப்பதற்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் பலருடைய மருந்தின் அளவு முடிவாகிறது.

தனியாரிடம் ஏன் போகிறார்கள் என்பதை நீட்டி விளக்கத் தேவையில்லை. 2025 மார்ச் இறுதி நிலவரப்படி இங்கிலாந்தில் ஏ.டி.எச்.டி. மதிப்பீட்டுக்காக 5.49 லட்சம் பேர் வரை காத்திருக்கக்கூடும் என்று அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். கணக்கிட்டது. சில ஊர்களில் வரிசை பல வருடங்களுக்கு நீள்கிறது. எனவே வசதி உள்ளவர்கள், வசதி இல்லாமல் கடன் அட்டையைத் தேய்ப்பவர்கள், இரு தரப்புமே தனியாரிடம் போகிறார்கள். இங்கிலாந்தில் மட்டும் இன்னொரு வழியும் உண்டு. 'தேர்வு செய்யும் உரிமை' என்ற விதிப்படி, என்.எச்.எஸ். ஒப்பந்தம் வைத்திருக்கும் தனியார் நிறுவனத்துக்குக் குடும்ப மருத்துவர் நம்மை அனுப்பலாம், கட்டணம் அரசுடையது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இது கிடையாது. ஆனால் இந்த வழியில் போகிறவர்கள் பலர் எதிர்பாராத ஒன்று இருக்கிறது: நோய் கண்டறிதலுக்கு ஒரு வரிசை, அது முடிந்ததும் டைட்ரேஷனுக்கு இன்னொரு வரிசை. கோயிலில் தர்ம தரிசனத்துக்கு நின்று உள்ளே போனால் அங்கே இன்னொரு கூண்டு இருப்பது போலத்தான்.

முதல் மாத்திரைக்கு முன்

இங்கிலாந்தில் இதற்கான வழிகாட்டி, சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஏ.டி.எச்.டி. நெறிமுறை. அதன்படி மருந்து தொடங்குமுன் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், எடை ஆகியவற்றை எடுக்க வேண்டும். இதய நோய் வரலாறு, நெருங்கிய உறவினர் யாரேனும் இளம் வயதில் திடீரென இறந்தார்களா என்பதையெல்லாம் கேட்க வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால் எல்லோருக்கும் ஈ.சி.ஜி. எடுக்கத் தேவையில்லை. இந்தக் கேள்விகளுக்கு நம்மவர்கள் பொத்தாம்பொதுவாக "ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடுவது வழக்கம். பிரிட்டனில் வாழும் தெற்காசியர்களுக்கு இதய நோயும் நீரிழிவும் மற்றவர்களைவிட அதிகம், இளம் வயதிலேயே வருகின்றன. 45 வயதில் மாரடைப்பில் போன சித்தப்பாவை அந்தப் படிவத்தில் சேர்க்க மறந்துவிடக் கூடாது.

தனியார் சந்திப்புகள் பெரும்பாலும் வீடியோவில் நடக்கின்றன. அப்போது ரத்த அழுத்தத்தை எடுப்பவர் நாம்தான். வீட்டில் ஒரு கருவி வாங்கி வைத்து, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு அளந்து அனுப்ப வேண்டும். மாடிப்படி ஏறி வந்த கையோடு அளந்த எண்ணைப் பார்த்து மருந்தைக் குறைத்த கதைகளும் உண்டு. நல்ல எண் வரும்வரை திரும்பத் திரும்ப அளந்து அதை மட்டும் அனுப்பிய கதைகளும் உண்டு. இரண்டாவதுதான் ஆபத்தானது. உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு தொடர்ந்து நிமிடத்துக்கு 120ஐத் தாண்டினால் அளவைக் குறைத்து, மருத்துவ நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்று நைஸ் சொல்கிறது. அந்த எண் யாரிடமும் போய்ச் சேராவிட்டால் விதி இருந்து என்ன பயன்?

ஏணி இல்லை, மேடு

பெரியவர்களுக்கு முதலில் தரப்படுபவை இரண்டு: மெத்தில்ஃபெனிடேட், லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமைன். முதலாவது 1944இல் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிஸ்ஸோன் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. அவர் மனைவி மார்கரீட்டின் செல்லப்பெயர் ரீட்டா. ரிட்டலின் என்ற வணிகப் பெயர் அங்கிருந்து வந்தது. இரண்டாவது, பிரிட்டனில் எல்வான்ஸ் என்ற பெயரில் வருவது. ஆம்ஃபெட்டமைனோடு லைசின் என்ற அமினோ அமிலத்தைக் கோத்துச் செய்த மருந்து அது. விழுங்கியதும் வேலை செய்யாது. ரத்தச் சிவப்பணுக்களில் லைசின் கழன்ற பிறகுதான் உள்ளே இருக்கும் மருந்து மெல்ல வெளியே வரும்.

இரண்டுமே மூளையின் முன்பகுதியில் டோபமைன், நோர்அட்ரினலின் ஆகியவற்றின் அளவை உயர்த்துகின்றன. இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த வேதிப்பொருட்கள் குறைவாக இருந்தாலும் முன்மூளை சரியாக வேலை செய்யாது, மிஞ்சினாலும் செய்யாது. வரைபடமாகப் போட்டால் மேல்நோக்கிப் போகும் ஏணியாக இருக்காது. ஏறி இறங்கும் மேடாக இருக்கும். உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியவர், "இன்னும் கவனம் வரவில்லை, இன்னும் ஏற்றுங்கள்" என்று கேட்பது சகஜம். அவருக்குத் தேவை 20 மில்லிகிராம் குறைவாக இருக்கலாம். அதிகமாகிவிட்டதன் அடையாளம் எப்போதும் படபடப்பாக வராது. சிரிப்பு வராமை, ஒரே வேலையில் மூன்று மணி நேரம் மாட்டிக்கொள்வது, பேச்சு குறைந்துபோவது என்றும் வரும். "பிள்ளை அமைதியாகிவிட்டான்" என்று வீட்டில் மகிழும்போது, மருத்துவர் கவலைப்பட வேண்டிய அமைதியும் ஒன்று உண்டு.

எண்கள் எப்படி நகரும்? எல்வான்ஸ் என்றால் பொதுவாகக் காலையில் 30 மில்லிகிராமில் தொடங்கும். சிலருக்கு 20. வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் போகாமல் 10 அல்லது 20 ஆக ஏறும்; உச்சவரம்பு 70. கான்செர்ட்டா என்ற நீடித்த மெத்தில்ஃபெனிடேட் 18இல் தொடங்கி 18, 18 ஆக ஏறும். ஒரு மருந்தைத் தகுந்த அளவில் 6 வாரம் கொடுத்துப் பார்த்தும் போதிய பலன் இல்லையென்றால் மற்றதுக்கு மாறச் சொல்கிறது நைஸ். இரண்டுமே ஒத்துவராவிட்டால் அட்டாமாக்ஸெட்டின். அது வேறு வகை. 40 மில்லிகிராமில் ஒரு வாரமாவது வைத்து, பிறகு 80க்குப் போவார்கள். முழுப் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் வரை ஆகும். முதல் நாளே வித்தியாசம் தேடுகிறவர்கள் அதைப் பாதியில் கைவிடுவது இதனால்தான். ஏற்கெனவே ஃப்ளூஆக்ஸெட்டினோ பராக்ஸெட்டினோ சாப்பிடுகிறவருக்கு அட்டாமாக்ஸெட்டின் உடம்பில் கூடுதலாகத் தேங்கும். அதைச் சிதைக்கிற அதே என்சைமை அந்த மனச்சோர்வு மருந்துகள் முடக்கிவிடுகின்றன. அப்போது இன்னும் நிதானமாகத்தான் ஏற்ற வேண்டும்.

அளவு மட்டுமல்ல, வடிவமும் முக்கியம். கான்செர்ட்டா மாத்திரை ஒரு குட்டி இயந்திரம். மேல்பூச்சில் இருக்கும் 22 சதவீத மருந்து உடனே கரையும். மீதியை உள்ளே நீர் புகுந்து பகல் முழுக்கச் சிறு துளை வழியாகத் தள்ளும். வேலை முடிந்த கூடு மலத்தில் அப்படியே வெளியேறும். அதைப் பார்த்து மாத்திரை கரையவே இல்லை என்று பதறியவர்கள் உண்டு. மெடிக்கினெட் எக்ஸ்.எல். என்ற இன்னொரு நீடித்த மெத்தில்ஃபெனிடேட்டில் பாதி உடனடி, பாதி தாமதம். அதை உணவோடுதான் சாப்பிட வேண்டும். காலையில் வெறும் டீயைக் குடித்துவிட்டு ரயிலுக்கு ஓடுகிறவருக்கு மெடிக்கினெட் கொடுத்து, "மதியத்துக்குள் போய்விடுகிறது" என்று புகார் வந்ததும் அளவை ஏற்றுவதில் அர்த்தமில்லை. இரண்டு இட்லி போதும். கான்செர்ட்டா, மெடிக்கினெட் இரண்டிலும் மில்லிகிராம் எண் ஒன்றாக இருந்தாலும் மருந்து வெளியாகும் வேகம் வேறு. அதனால்தான் நீடித்த மெத்தில்ஃபெனிடேட் வகைகளுக்கு இடையே மாற்றும்போது எச்சரிக்கை தேவை என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் மருத்துவர்களுக்கு நினைவூட்டியது.

எதைக் கவனிப்பது

முதல் நாள் பலருக்கு அற்புதமாக இருக்கும். தலைக்குள் இருந்த இரைச்சல் அடங்கியது, அழுகை வந்தது என்றெல்லாம் சொல்வார்கள். அதில் ஒரு பகுதி மருந்தின் பலன். இன்னொரு பகுதி, பழகாத உடம்பில் ஊக்கமருந்து தரும் உற்சாகம். அந்த இரண்டாவது பகுதி சில நாட்களிலோ வாரங்களிலோ மங்கிவிடும். மங்கியதும் "மருந்து வேலை செய்யவில்லை" என்று தோன்றும். முதல் நாள் மகிழ்ச்சியைத் துரத்தி அளவை ஏற்றிக்கொண்டே போவது டைட்ரேஷனில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. நல்ல மருத்துவர் "எப்படி உணர்கிறீர்கள்?" என்பதோடு நிறுத்த மாட்டார். வருமான வரிப் படிவத்தை முடித்தீர்களா, அடுப்பில் பால் எத்தனை முறை பொங்கி வழிந்தது, மகளோடு சண்டை குறைந்ததா என்று கேட்பார். நைஸ் வழிகாட்டியும் உகந்த அளவுக்கு இலக்கணமாக அறிகுறிகள் குறைவதை மட்டும் சொல்லவில்லை. படிப்பு, வேலை, உறவுகளில் முன்னேற்றம், தாங்கக்கூடிய பக்கவிளைவு ஆகியவற்றையும் சேர்த்தே சொல்கிறது. ஒவ்வொரு முறை அளவு மாறும்போதும் ஒரு நிலையான மதிப்பீட்டுத் தாளை நிரப்ப வேண்டும் என்கிறது. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 18 கேள்வித் தாள் பரவலாகப் பயன்படுகிறது. அது சுயமதிப்பீடு என்பதால் கூடவே வாழ்கிற ஒருவரின் கருத்தையும் கேட்பது நல்லது. ஏ.டி.எச்.டி. உள்ளவருக்கு நேற்று நடந்ததே நினைவிருக்காது, மூன்று வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமையை எங்கே போய் நினைவுகூர்வது?

அப்புறம், நேரம். மாலை ஆறு மணிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அளவு அதிகமாகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் காலை பத்து மணிக்கு எல்லாம் நன்றாக இருந்து மாலையில் மட்டும் வருகிறதென்றால், அது மருந்து இறங்கும்போது வரும் எரிச்சலாக இருக்கலாம். முதலாவதற்கு அளவைக் குறைக்க வேண்டும். இரண்டாவதற்குச் சில சமயம் மதியத்தில் உடனே கரையும் சிறிய மாத்திரை ஒன்றைச் சேர்ப்பார்கள். சில சமயம் மதிய உணவை ஒழுங்காகச் சாப்பிட்டாலே பாதி தீரும். மருந்து பசியை அடக்குவதால் பலர் பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருந்துவிட்டு, இரவு எட்டு மணிக்குப் பானையை வழித்துச் சாப்பிடுகிறார்கள். எனவே ஒரு தாளில் மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், எரிச்சல் வந்த நேரம் இந்த மூன்றையும் எழுதி வைத்தாலே பத்து நிமிடச் சந்திப்பு உருப்படியாகிவிடும்.

பெண்களில் பலர், மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் அதே அளவு போதவில்லை என்கிறார்கள். இதைப் பற்றிய ஆய்வுகள் இன்னும் சிறியவை. ஆனால் நான்கு வார டைட்ரேஷனில் ஒவ்வொரு வாரமும் ஒவ்வோர் அளவு என்று போனால், 50 மில்லிகிராம் சரியில்லையா, அந்த வாரம் சரியில்லையா என்று பிரித்தறிய முடியாது என்பது ஆய்வு இல்லாமலேயே புரியும். இதே காரணத்தால்தான் விடுமுறையில் ஊருக்குப் போன வாரத்தில் அளவை மாற்றுவதில் பயனில்லை. நான்கு காபி குடிப்பவர் மருந்தை ஏற்றுவதும் காபியை நிறுத்துவதும் ஒரே நாளில் செய்தால், தலைவலிக்குப் பழி யார் மேல்?

நிதானமாகக் கவனிப்பதற்கு உண்மையிலேயே மதிப்பிருக்கிறதா, அல்லது இது மருத்துவர்களின் சம்பிரதாயமா? இதற்கு ஒரு நல்ல பதில் அமெரிக்காவில் 1999இல் வெளியான, ஏ.டி.எச்.டி. குழந்தைகளுக்கான சிகிச்சைகளை ஒப்பிட்ட எம்.டி.ஏ. ஆய்வில் இருக்கிறது. 7 முதல் 9 வயது வரையிலான 579 குழந்தைகள், 14 மாதங்கள். ஒரு பிரிவுக்குக் கவனமாக டைட்ரேட் செய்த மருந்து, மாதம் தவறாமல் அரை மணி நேரச் சந்திப்பு. இன்னொரு பிரிவினர் தங்கள் ஊர் மருத்துவரிடம் வழக்கம்போல் போனார்கள். அவர்களிலும் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் மருந்து சாப்பிட்டார்கள், பெரும்பாலும் அதே மெத்தில்ஃபெனிடேட்தான். ஆனாலும் முதல் பிரிவு தெளிவாக முன்னே நின்றது. ஊர் மருத்துவர்கள் தந்த அளவு குறைவு, நாளுக்குக் கொடுத்த வேளைகள் குறைவு, வருடத்தில் பார்த்த தடவைகள் மிகக் குறைவு. அந்த ஆய்வை மருந்தா நடத்தைப் பயிற்சியா என்ற பட்டிமன்றத்துக்குத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது இந்த ஓரத்துச் செய்திதான்: மருந்து அதே மருந்து, கவனித்த விதம்தான் வேறு.

பிங்க் சீட்டு

இனி காசுக்கும் சட்டத்துக்கும் வருவோம். மெத்தில்ஃபெனிடேட்டும் எல்வான்ஸும் பிரிட்டனில் இரண்டாம் அட்டவணையைச் சேர்ந்த கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். மார்ஃபின் இருக்கும் அதே அட்டவணை. தனியார் மருத்துவர் இங்கிலாந்தில் இவற்றை எழுத இளஞ்சிவப்பு நிறத்தில் தனிப் படிவம் இருக்கிறது. மொத்த எண்ணிக்கையை எண்ணிலும் எழுத்திலும் எழுத வேண்டும். சீட்டு 28 நாள் மட்டுமே செல்லும். ஒரு தடவைக்கு 30 நாள் மருந்துக்கு மேல் எழுதாமல் இருப்பது நல்ல நடைமுறை என்று அரசு அறிவுறுத்துகிறது. 'ஆறு மாதத்துக்கு இதே' என்று ஒரே சீட்டில் எழுதவும் முடியாது. மின்னஞ்சலில் வரும் நகலைக் காட்டினால் மருந்தாளுநர் தர மாட்டார், அசல் வேண்டும். அதனால் பல கிளினிக்குகளிலிருந்து சீட்டு தபாலில் பயணம் செய்கிறது. வீடியோவில் நொடியில் மருத்துவரைப் பார்க்கிற காலத்தில், மருந்து மட்டும் தபால்காரரை நம்பி இருக்கிறது. அட்டாமாக்ஸெட்டினுக்கு இந்தக் கெடுபிடி கிடையாது.

இது மருந்தின் அளவை எப்படிப் பாதிக்கும்? எல்வான்ஸ் 28 மாத்திரைக்குப் பட்டியல் விலை 30 மில்லிகிராமுக்குச் சுமார் 58 பவுண்டு, 70க்குச் சுமார் 83 என்றே நீண்ட காலம் இருந்தது. தனியார் சீட்டு என்றால் இதன் மேல் மருந்தகத்தின் லாபமும் ஏறும். சந்திப்புக்கும் சீட்டு எழுதுவதற்கும் கிளினிக் வாங்குவது தனி. வாரத்துக்கு ஒரு முறை அளவை மாற்றிப் பார்க்கலாம் என்று விதி அனுமதித்தாலும், 28 மாத்திரை வாங்கியவர் ஏழாம் நாளில் அதைத் தூக்கிப்போட மனம் ஒப்ப மாட்டார். ஒரு தடவை கைக்கு வந்த மருந்தை மருந்தகம் திரும்ப வாங்கி இன்னொருவருக்குத் தர முடியாது, அழிக்கத்தான் வேண்டும். எனவே ஒத்துவராத அளவையும் மாதம் முடியும்வரை சாப்பிடுகிறார்கள். அல்லது அரைகுறையாக ஒத்துவரும் அளவில், "சரி, இதுவே போதும்" என்று நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த வாக்கியம் மருத்துவக் குறிப்பில் 'நோயாளி நிலைபெற்றுவிட்டார்' என்று பதிவாகும். விவரம் தெரிந்த கிளினிக்குகள் முதல் கட்டத்தில் ஒரு வாரம், இரண்டு வார அளவுக்கு மட்டும் சிறிய வீரிய மாத்திரைகளாக எழுதித் தருவது இதைத் தவிர்க்கத்தான்.

தட்டுப்பாடு வந்தால் எல்லாம் இன்னும் கோணலாகிவிடும். 2023 செப்டம்பர் 27 அன்று மெத்தில்ஃபெனிடேட், லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமைன், குவான்ஃபசின் என்ற இன்னொரு ஏ.டி.எச்.டி. மருந்து ஆகிய மூன்றுக்கும் தட்டுப்பாடு என்று நாடு தழுவிய எச்சரிக்கை வந்தது. உற்பத்திச் சிக்கலும் உலகளவில் கூடிய தேவையும் காரணம். சரியாகும்வரை புதிய நோயாளிகளுக்கு இவற்றைத் தொடங்க வேண்டாம் என்றார்கள். பாதி டைட்ரேஷனில் இருந்தவர்கள், 50 தேவை, கடையில் இருப்பது 30 என்ற நிலையில் மருந்தகம் மருந்தகமாக அலைந்தார்கள். உடம்பு சொன்ன அளவு ஒன்று, அலமாரி கொடுத்த அளவு ஒன்று.

ஒப்படைக்கும் இடம்

டைட்ரேஷனின் கடைசிப் படி, நிலைபெற்ற அளவோடு குடும்ப மருத்துவரிடம் (ஜி.பி.) திரும்புவது. 'பகிர்ந்த பராமரிப்பு' என்று பெயர். நிபுணர் வருடம் ஒரு முறையாவது பார்ப்பார், மாதாமாதம் சீட்டு எழுதுவது ஜி.பி. இது கைகூடினால் இங்கிலாந்தில் மாதச் செலவு ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டாகச் சுருங்கிவிடும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் அதுவும் இல்லை. தனியாரிடம் போகிற பெரும்பாலோர் போடும் கணக்கே இதுதான்: மூன்று நான்கு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு செலவழித்தால் போதும், அப்புறம் ஜி.பி. பார்த்துக்கொள்வார்.

ஆனால் ஜி.பி.க்கு அது கடமை இல்லை. சீட்டில் கையெழுத்துப் போடுபவர்தான் அந்த மருந்துக்குப் பொறுப்பு என்பது பிரிட்டிஷ் மருத்துவ ஒழுங்குமுறையின் அடிப்படை. தனக்குத் தெரியாத கிளினிக், முகம் பார்க்காத நிபுணர், அவர் எழுதிய 70 மில்லிகிராம். இதைத் தொடர்ந்து எழுத மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. 2023 மே மாதம் பி.பி.சி. செய்தியாளர் ஒருவர் மூன்று தனியார் கிளினிக்குகளை வீடியோவில் அணுகினார், மூன்றிலும் ஏ.டி.எச்.டி. என்றார்கள். என்.எச்.எஸ். மருத்துவர் ஒருவர் நேரில் மூன்று மணி நேரம் மதிப்பிட்டு, இல்லை என்றார். அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பான பிறகு, ஒழுங்காக வேலை செய்கிற கிளினிக்குகளின் கடிதங்களையும் ஜி.பி.க்கள் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள். 2024 ஆகஸ்டில் தொடங்கிய ஜி.பி.க்களின் கூட்டு நடவடிக்கையில், கூடுதல் நிதி இல்லாத இத்தகைய வேலைகளைக் கைவிடுவதும் ஒரு பகுதியாக இருந்தது.

இதில் நான் ஜி.பி.யின் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். அவரிடம் வரும் கடிதம் பல சமயம் ஒரு பக்கம்: நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு. எந்த அளவில் தொடங்கியது, எந்த அளவில் என்ன ஆனது, ரத்த அழுத்தம் எப்படி நகர்ந்தது, ஏன் 50இல் நிறுத்தாமல் 60க்குப் போனார்கள் என்பதெல்லாம் இல்லாத கடிதத்தை நம்பிக் கையெழுத்துப் போடச் சொல்வது நியாயமில்லை. ஆய்வகப் பதிவேட்டில் தொடக்க அளவும் இறுதி அளவும் எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் ஆசிரியர் மதிப்பெண் தருவாரா? ஆனால் மறுப்பின் விலையைக் கொடுப்பது கிளினிக் அல்ல. மாதம் நூறு பவுண்டுக்கு மேல் கொடுக்க முடியாமல், ஒத்துவந்த மருந்தை நிறுத்துகிற நோயாளிதான்.

எனவே முதல் பணம் கட்டுவதற்கு முன்பே ஜி.பி.யிடம், இந்தக் கிளினிக்கோடு பகிர்ந்த பராமரிப்புக்கு ஒத்துக்கொள்வீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. கிளினிக்கிடம் கேட்க வேண்டியது வேறு. டைட்ரேஷன் கட்டணத்தில் எத்தனை சந்திப்புகள் அடக்கம், மருந்து மாறினால் மீட்டர் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடுமா, இடையில் பக்கவிளைவு வந்தால் இரண்டு நாளுக்குள் பதில் சொல்ல ஆள் உண்டா, ஜி.பி. மறுத்தால் சீட்டுக்கு மாதம் எவ்வளவு? கடைசிக் கேள்விக்குத் தயங்குகிற கிளினிக்கில் நான் சேர மாட்டேன்.

எல்லாம் கைகூடி, ஜி.பி.யும் ஒத்துக்கொண்டு, மாதாமாதம் மருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ரத்த அழுத்தம், துடிப்பு, எடை மூன்றையும் 6 மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். கார் ஓட்டுபவர் மருந்துச் சீட்டின் நகலை வண்டியில் வைத்திருப்பது நல்லது. ஓட்டுபவரின் ரத்தத்தில் ஆம்ஃபெட்டமைன் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 முதல் வரம்பு உண்டு. மருத்துவர் சொன்னபடி சாப்பிட்டதும் ஓட்டும் திறன் குறையாததும் சட்டத்தில் தற்காப்பு. சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ மாதக்கணக்கில் போகிறவர், மூன்று மாத மருந்து அல்லது அதற்கு மேல் கொண்டுபோவதென்றால் பிரிட்டிஷ் உள்துறை அமைச்சின் உரிமம் வாங்க வேண்டும். அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பும் எல்லா மருந்துக்கும் பொருந்தாது. இந்தியாவில் மெத்தில்ஃபெனிடேட் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் கிடைக்கிறது, அட்டாமாக்ஸெட்டின் கிடைக்கிறது. எல்வான்ஸில் நிலைபெற்றவர் நிரந்தரமாக ஊர் திரும்புவதாக இருந்தால், அவருக்கு இன்னொரு டைட்ரேஷன் காத்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஊர் திரும்பாவிட்டாலும் அளவு அப்படியே நிற்பதில்லை. கர்ப்பம், மாதவிடாய் நிற்கும் காலம், புதிதாகத் தொடங்கிய ரத்த அழுத்த மாத்திரை, இரவு வேலையிலிருந்து பகல் வேலைக்கு மாறியது என்று எது வேண்டுமானாலும் காரணமாகலாம். பகிர்ந்த பராமரிப்பில் ஜி.பி. அளவை மாற்ற மாட்டார், நிபுணரிடம் கேட்கச் சொல்வார். கிளினிக்கோ பல சமயம் உங்கள் கோப்பை மூடியிருக்கும். 50ஐ 40 ஆக்குவதற்குப் புதிய பரிந்துரையும், சில இடங்களில் புதிய சந்திப்புக் கட்டணமும் கேட்பார்கள். அதற்குச் சோம்பி, தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை என்று 50லேயே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.